இருக்கட்டும் டீச்சர்

“…வச்சவன் எதுக்கோ வச்சிருப்பான் தம்பி. எதுக்குன்னு தெரியாம ஒரு பொருளைக் கழட்டக் கூடாது. அது பாட்டுக்கு இருக்கட்டும், வேற என்னமாச்சும் பாருங்க.”

டீச்சர் இதைச் சொன்னது எங்கள் கால்களிடம். எங்கள் தலைகள் காருக்கு அடியில் இருந்தன. நானும், பக்கத்துக் கடையில் சைலன்சர் வெல்டிங் செய்கிற காதர் பாயும் மல்லாந்து கிடந்தோம். பாய் கையில் இரும்பறுக்கிற ஆக்ஸா பிளேடு. எங்கள் முகத்துக்கு நேர் மேலே, பன் ரொட்டி வடிவத்தில் ஒரு தகர டப்பா தோசைக்கல் மாதிரிக் கனன்றுகொண்டிருந்தது.

காளவாசலில் என் பட்டறை வாசலில் நடந்தது இது. அன்றைக்கு பந்த். பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது. டாக்சிக்காரர்கள் கல்லுக்குப் பயந்து வண்டியை வெளியே எடுக்கவில்லை. காரின் பின்சீட்டில் டீச்சரின் வீட்டுக்காரர், உச்சி வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். அவரை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்க்க வேண்டும். நாங்கள் அறிந்து அன்று தெருவுக்கு வந்த ஒரே வண்டி அதுதான். அதுவும் ஓடவில்லை.

டீச்சரின் ‘இருக்கட்டும்’ பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் என்னால் போக முடியாது. எங்கள் பட்டறைப் பக்கம் அவருக்குப் பெயரே இருக்கட்டும் டீச்சர்தான். அவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது, ஒரு பொருளைப் பார்த்து, நீ இங்கேயே இருந்துகொள், உன்னை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று வாக்குக் கொடுக்கிற மாதிரி இருக்கும்.

திருநகரில் அவர்கள் வீட்டுக் கேட்டில் வேறு ஒருவருடைய பெயர்ப்பலகை தொங்கியது. வீட்டை விற்றுவிட்டுப் போன வக்கீலின் பெயர், படித்த படிப்போடு. பேட்டரி மாட்டுவதற்காக நான் முதல் தடவை போனபோது, வீடு மாறி வந்துவிட்டோம் என்று நினைத்து வெயிலில் தெருத் தெருவாகச் சுற்றினேன்.

“போர்டை எடுத்துறலாமே டீச்சர்?”

“இருக்கட்டும் தம்பி. அவரைத் தேடி யாராச்சும் வந்தா? போர்டு இல்லேன்னா வாசலோட திரும்பிப் போயிருவாங்கள்ல.”

அப்படித் தேடி வந்த ஒருவர் கல்யாணப் பத்திரிகையோடு வந்திருக்கிறார். வக்கீல் இப்போது இங்கே இல்லை என்று சொன்ன பிறகும், கொண்டு வந்ததைத் திருப்பிக் கொண்டுபோக மனசு வராமல் இவர்களிடமே கொடுத்துவிட்டார். இரண்டு பேரும் அந்தக் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள்.

“வக்கீல் வீட்டு ஆளுகன்னு முன் வரிசையில உக்கார வச்சுட்டாங்கப்பா,” என்று அவர் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். “இல்லைங்க, நாங்க வேறன்னு டீச்சர் ஒரு வார்த்தை சொல்லணுமே! அதையும் இருக்கட்டும்னுட்டா.”

அவரும் மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் அவரை சார் என்போம்.

வராந்தாவில் கிறிஸ்துமஸுக்குக் கட்டின காகித நட்சத்திரம் சித்திரை வெயிலிலும் தொங்கும். சிவப்பு வெளுத்துப் பழைய செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும். அவிழ்க்கலாமென்று சார் ஸ்டூலைப் போட்டால், “குருவி கூடு வச்சிருக்கு, இருக்கட்டும்,” என்று குரல் வரும். குருவி பறந்து போன பிறகும் நட்சத்திரம் இருக்கும், அது மறுபடி வந்தால் என்ன செய்யும் என்று. அடுத்த கிறிஸ்துமஸ் வந்து புது நட்சத்திரம் பக்கத்தில் ஏறும். பழையதும் அதன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும்.

பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பழக்கத்துக்கு ஒரு வேர் இருந்தது. அதை அவரே ஒரு தடவை சொன்னார், நான் அவர் காருக்குப் பிளக் தேய்த்துக்கொண்டிருந்தபோது.

அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். செல்லூர்ப் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, பாண்டியம்மாள் என்று பெயர், திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் நூல் சுற்ற உட்கார வைத்துவிட்டார்கள். பெயரை அடித்துவிடச் சொன்னார்கள். டீச்சர் அடிக்கவில்லை. தினம் காலையில் ஆஜர் எடுக்கும்போது அந்தப் பெயரையும் கூப்பிடுவார். ஒரு மூச்சு விடுகிற நேரம் காத்திருப்பார். அப்புறம் அடுத்த பெயர். மற்ற டீச்சர்கள் சிரித்தார்கள். பிள்ளைகள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. மழைக்காலம் முடிந்து ஒரு நாள் அதே மாதிரிக் கூப்பிட்டுவிட்டு நின்றபோது, வாசல் பக்கமிருந்து, “உள்ளேன் டீச்சர்,” என்று ஒரு குரல் வந்திருக்கிறது.

“நான் பேரை அடிச்சிருந்தா அந்தப் புள்ள எங்க தம்பி வந்து நிக்கும்?” என்றார் டீச்சர். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. நான் ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டேன்.

காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது அமெரிக்கக் கார். கிராமத்து முகாம்களுக்குப் போய் வைத்தியம் பார்ப்பதற்காக ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா கப்பலில் வரவழைத்தது. வந்த கொஞ்ச காலத்திலேயே அந்த அம்மா உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. சார் அந்த டாக்டரம்மாவிடம் குமாஸ்தா வேலையும் பார்த்து, வண்டியும் ஓட்டியவர். போகும்போது அந்த அம்மா காரைச் சாருக்கே கொடுத்துவிட்டுப் போனார். நீளமாக, பாலாடைக்கட்டி நிறத்தில் இருக்கும். காளவாசலில் திரும்பினால் பாதி ரோட்டை அடைத்துக்கொள்ளும். நாங்கள் அதைக் கப்பல் என்போம்.

அதற்கு ஸ்டீரிங் இடது பக்கம். சாருக்குச் சர்க்கரை ஏறிக் கண் மங்கின பிறகு டீச்சர்தான் ஓட்டினார். நம் ஊரில் டிரைவர் உட்காருகிற வலது பக்கத்தில் சார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிரே வருகிறவன் பதறிப் போவான். ஒரு தடவை ஒரு போலீஸ்காரர் ஓடி வந்து மறித்து, “யோவ், கையைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டுறியே, என்ன வித்தையா காட்டுற?” என்று கத்தியிருக்கிறார். சார் நிதானமாக, “நான் ஓட்டலீங்க. கல்யாணம் ஆனதுலருந்து அவதான் ஓட்டுறா,” என்றாராம்.

அந்தக் காரில் இன்னொரு விசித்திரம், அதன் பெட்ரோல் டேங்க்கின் வாய். நம் ஊர் பங்க்கில் இருக்கிற பம்பின் மூக்கு அதற்குள் நுழையாது. அவ்வளவு சின்ன வாய். பத்து நிமிஷ வேலை, உளி வைத்துப் பெரிசாக்கித் தந்துவிடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன்.

“இருக்கட்டும் தம்பி. சின்னதா வச்சவன் எதுக்கோ வச்சிருப்பான்.”

அதற்குப் பதிலாக மெல்லிசு மூக்கு வைத்து ஒரு தகரப் புனல் செய்து வாங்கி, செய்தித்தாளில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். பங்க்குக்குப் போனால் இறங்கி, புனலை அவரே பிடிப்பார். பெட்ரோல் சொட்டுச் சொட்டாக இறங்கும். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். “டீச்சர், பச்சப் புள்ளைக்குப் பாலாடையில பால் ஊத்துற மாதிரில்ல இருக்கு!” என்று பங்க் ஆள் அலுத்துக்கொள்வார்.

சாரின் காபியும் எனக்கு ஞாபகம் வருகிறது. டாக்டர் சீனியைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். டீச்சர் அதைச் சத்தியமாகக் கடைப்பிடித்தார். அந்த வீட்டில் சீனி டப்பாவே கிடையாது. சாருக்குக் கருப்பட்டிக் காபி. மத்தியானத்தில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. எனக்கும் கொடுப்பார். “கருப்பட்டி மருந்துதானே தம்பி, சீனி மாதிரியா?” என்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு குடிப்பேன். தேனாக இருக்கும்.

சாருக்குக் கட்டை விரலில் செருப்புக் கடித்தது. கடித்ததே அவருக்குத் தெரியவில்லை, வீட்டுத் தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்து டீச்சர்தான் கண்டுபிடித்தார். அடுத்த தடவை கார் என் பட்டறைக்கு வந்தபோது விரலில் வெள்ளைக் கட்டு. பிறகு வந்தபோது கட்டு பாதம் முழுக்க இருந்தது. அப்புறம் கணுக்காலுக்கு மேலே.

“ஒரு விரல எடுத்துட்டா போதும்னு மொதல்ல சொன்னாரு டாக்டரு,” என்று டீச்சர் ஒரு நாள் சொன்னார். காருக்கு வெளியே, சாருக்குக் கேட்காத தூரத்தில் என்னைக் கூட்டிப் போய். “இருக்கட்டும், பாப்போம்னேன். இப்ப முழங்காலுக்குக் கீழ எடுக்கணும்ங்கிறாரு. விட்டா ரத்தத்துல ஏறி உயிருக்கு வந்துருமாம். கையெழுத்துக் கேக்குறாரு தம்பி. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அறுத்துட்டா, பெறகு திரும்ப வைக்க முடியுமா டாக்டர்னு. அவரு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு.”

திறந்திருந்த கார்க் கதவுக்கு வெளியே நீட்டியிருந்த சாரின் காலை, கட்டுக்கு மேலே, அங்கிருந்தே கையால் காட்டினார்.

“கர்த்தர் குடுத்த காலு. ராத்திரியெல்லாம் ஜெபம் பண்றேன். தோல் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கு, பாத்தீங்களா? கறுப்பு கொறஞ்ச மாதிரி இல்ல?”

நான் பார்த்தேன். குறையவில்லை. கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருக்கிறது என்றேன்.

சாரிடம் போய், நீங்களே கையெழுத்துப் போட்டுவிடலாமே என்று மெதுவாகக் கேட்டேன். அவர் காருக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். “காலு என்னுதுதாம்ப்பா. ஆனா இம்புட்டு வருசமா அது நடந்து போயி நின்னது அவகிட்டத்தான. அவ சொல்லட்டும்.”

காலுக்கும் காருக்கும் ஒரே நேரத்தில் கேடு வந்தது. கப்பலுக்கு இழுவை குறைந்துகொண்டே போயிற்று. கிளப்பினால் கிளம்பும். மிதித்தால் மூச்சு முட்டின மாதிரி இருமும், பிறகு நிற்கும். நான் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பிளக் மாற்றினேன். டேங்க்கை இறக்கிச் சுத்தம் செய்தேன். ஒவ்வொரு தடவையும் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும், திருநகர் போய்ச் சேர்வதற்குள் பழையபடி ஆகிவிடும். “வயசாயிருச்சுல்ல, ரெண்டுக்கும்,” என்பார் சார்.

அப்படியே வந்தது பந்த் நாள்.

முதல் நாள் சாயங்காலமே சாருக்குக் காய்ச்சல். விடிந்தபோது வாய் குழறியது. பக்கத்து வீட்டு ஆண்கள் சேர்ந்து அவரை, காலை நீட்டினபடியே தூக்கி, அந்த நீளப் பின்சீட்டில் கிடத்தியிருக்கிறார்கள். அந்தக் காலை மடக்கி வேறு எந்த வண்டியிலும் ஏற்ற முடியாது. டீச்சர் ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். திருநகரிலிருந்து காளவாசல் வர அந்தக் கார் காலை முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஆள் நடக்கிற வேகத்தில் வரும், நிற்கும், ஆறும், மறுபடி நகரும். ஆளில்லாத பைபாஸ் ரோட்டில் அது இருமிக்கொண்டு வருவது எனக்குத் தூரத்திலேயே கேட்டது. நான் பாதி ஷட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்கும் அது வாசலில் செத்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். இருக்கிற ஒரு வண்டியும் வெளியே போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

சத்தம் கேட்டு வந்த காதர் பாய்தான் என்னை இன்ஜினைக் கிளப்பி மிதிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் போய்ப் புகைக்குழாயில் உள்ளங்கையை வைத்தார்.

“மாப்ள, இங்க வா. கைய வச்சுப் பாரு. மூச்சு வருதா?”

வைத்தேன். வரவில்லை.

“முன்னால அந்தக் கத்து கத்துறான், பின்னால ஊதுபத்திப் புகைகூட வரல. மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுன்னா எவன் ஓடுவான்? நீ இம்புட்டு நாளா வாயக் கொப்பளிக்க வச்சுக்கிட்டு இருந்திருக்க.”

அப்புறம்தான் இரண்டு பேரும் அடியில் நுழைந்தோம். சைலன்சருக்கு முன்னால், எந்த அம்பாசடரிலும் பியட்டிலும் நாங்கள் பார்த்திராத அந்த டப்பா. அதற்கு இந்தப் பக்கம் குழாய் நெருப்பு, அந்தப் பக்கம் வெதுவெதுப்பு. அடைப்பு அதற்குள்தான்.

அது என்னவென்று எனக்கு வெகுகாலம் கழித்து, நிஜக் கப்பலில் வேலை பார்த்த ஒருவர் சொல்லித்தான் தெரியும். புகையைச் சுத்தம் செய்கிற பெட்டி அது. நம் பெட்ரோலில் அப்போது ஈயம் கலந்திருந்தது. ஈயம் பட்டால் அந்தப் பெட்டி கெட்டு அடைத்துப் போகும். அந்த மாதிரிப் பெட்ரோலைத் தெரியாமல்கூட ஊற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் டேங்க்குக்கு அவ்வளவு சின்ன வாய் வைப்பார்களாம். அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்தப் புனல்தான் கண்ணில் நின்றது.

ஆனால் அன்றைக்குக் காருக்கு அடியில் கிடந்த எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. இந்த டப்பாவை அறுத்து எடுத்தால்தான் வண்டி போகும் என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தோம். அதற்குத்தான் டீச்சர் சொன்னார், வச்சவன் எதுக்கோ வச்சிருப்பான், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று.

பாய் வெளியே உருண்டு வந்து எழுந்தார். முகமெல்லாம் கரி.

“டீச்சரம்மா, பொய் சொல்ல மாட்டேன். இது எதுக்குன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஆனா இது இருக்கங்காட்டியும் வண்டி நகராது. அது மட்டும் தெரியும்.”

டீச்சர் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. தூரத்தில் எங்கேயோ கோஷம் போடுகிற சத்தம் வந்து அடங்கியது.

“எடுத்துட்டா, பெறகு திரும்ப வைக்க முடியுமா பாய்?”

“முடியாதும்மா. அறுத்தா அறுத்ததுதான்.”

காருக்குள்ளிருந்து சார் பேசினார். எங்களிடம் இல்லை. “அம்மா, வண்டி ரெடிம்மா. மருந்துப் பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு. கெளம்பலாம்மா.” ஊருக்குப் போய்விட்ட டாக்டரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். பல் தந்தியடித்தது.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை இன்ஜினைக் கிளப்பச் சொன்னார். கிளப்பினேன். அவர் காருக்குப் பின்னால் போய், கட்டியிருந்த வெள்ளைப் புடவையோடு தார் ரோட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, புகைக்குழாயின் முன்னால் உள்ளங்கையைக் காட்டினார். நோயாளியின் மூக்குக்குக் கீழே வைத்துப் பார்ப்பார்களே, அது மாதிரி. வெகுநேரம் வைத்திருந்தார். வண்டி இருமி நின்றது. எழுந்து முன்னால் வந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அதே உள்ளங்கையைச் சாரின் மூக்குக்குக் கீழே வைத்தார்.

சார் கண்ணைத் திறந்தார். இந்தத் தடவை ஆள் அடையாளம் தெரிந்தது. “என்ன டீச்சர், ஆஜர் எடுக்குறியா?” என்றார்.

டீச்சர் கையை எடுத்துக்கொண்டார்.

“அறுங்க பாய்.”

சூடு ஆறக் குழாயில் ஈரச் சாக்கைச் சுற்றினோம். சுர்ரென்று ஆவி வந்தது. டீச்சரே குடத்திலிருந்து மோந்து மோந்து ஊற்றினார். துருவேறின குழாயில் பிளேடு முறிந்தது, வேறு போட்டோம், அதுவும் முறிந்தது. பாய் கை ஓய்ந்தால் நான், நான் ஓய்ந்தால் பாய். கடைசியில் டப்பா தொப்பென்று ரோட்டில் விழுந்தது. அதற்குள்ளிருந்து கருகின பொடி கொஞ்சம் கொட்டியது.

கிளப்பினேன். காளவாசலே அதிர்ந்தது. வாய் திறந்த குழாய் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை ஷட்டர் கிடுகிடுத்தது. மிதித்தேன், வண்டி துள்ளியது. பாய் காதைப் பொத்திக்கொண்டு, “டீச்சரம்மா, பயப்படாமப் போங்க! இந்தச் சத்தத்துக்குக் கல்லெறியுறவனே ஓடிருவான்!” என்று கத்தினார்.

நான் டப்பாவைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு டிக்கியைத் திறந்தேன். டீச்சரைப் பற்றித்தான் எனக்குத் தெரியுமே. “பின்னால வச்சிர்றேன் டீச்சர். இருக்கட்டும்ல?”

அவர் என்னிடம் வந்து அதை வாங்கி ரோட்டோரமாகக் கீழே வைத்தார். பிறகு குனிந்து, சீட்டுக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றியிருந்த புனலை எடுத்து, “டேங்க் வாயப் பெறகு பெரிசாக்கிருங்க தம்பி,” என்று அதன் பக்கத்தில் வைத்தார். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார். என் சட்டைப் பையில் இருந்த பேனாவை என்னைக் கேட்காமலே எடுத்து, மூடியைத் திறந்து, நகத்தில் ஒரு கோடு கிழித்துப் பார்த்தார். மை வந்தது. மூடியைத் திருகி, அதைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, ஆஸ்பத்திரிப் பக்கம் காரைத் திருப்பினார்.